டெக்சோமாவில் பெரிய கெளுத்தி: ஷாட் மீன் போகும் வழியே போங்கள்

கெளுத்தி என்றதும் கோடை இரவு, நாற்றமடிக்கும் கோழி ஈரல், கரையோரம் ஒரு மடக்கு நாற்காலி என்றுதான் டாலஸ் பக்கம் பலருக்கும் நினைப்பு. இரண்டு மூன்று பவுண்டு சேனல் கேட்ஃபிஷ் பிடிக்க அது போதும். குழம்புக்கும் அதுதான் நல்ல மீன். ஆனால் 40, 50 பவுண்டு ப்ளூ கேட்ஃபிஷ் வேண்டுமென்றால் அந்தப் பழக்கத்தை மொத்தமாக விட்டுவிட வேண்டும். காலம் வேறு, இரை வேறு, முள் வேறு, மீன் கடித்ததும் கை செய்ய வேண்டிய வேலையும் வேறு.

டெக்சஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே ரெட் ஆற்றை மறித்துக் கட்டி, 1944-ல் முடித்த டெனிசன் அணையின் நீர்த்தேக்கம்தான் டெக்சோமா. டாலஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 2004 ஜனவரியில் இங்கே கரையிலிருந்து தூண்டில் போட்ட கோடி முல்லெனிக்ஸ் என்பவருக்கு 121.5 பவுண்டு ப்ளூ ஒன்று மாட்டியது. நம் கணக்கில் 55 கிலோ. அன்றைக்கு அது உலக சாதனை. மீனை உயிரோடு ஏதென்ஸ் ஊரின் நன்னீர் மீன் மையத்துக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டு, 'ஸ்ப்ளாஷ்' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் வர்ஜீனியாவின் கெர் ஏரியில் 143 பவுண்டு மீன் பிடிபட்டு உலக சாதனை அங்கே போய்விட்டது. எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மாதம்தான். ஜனவரி. மற்றவர்கள் தூண்டிலைப் பரணில் போட்டுவிடும் மாதம்.

ப்ளூவுக்குக் குளிர் பிடிக்கும் என்று சொல்வதைவிட, அதன் இரையான ஷாட் மீனுக்குக் குளிர் ஆகாது என்று சொல்வதே சரி. ஷாட் நம் மத்தி, சூடை வகையறாவுக்குச் சொந்தம். வெள்ளிச் செதில், எண்ணெய்ச் சதை, கூட்டமாகவே வாழும். இந்த ஏரியில் இரண்டு வகை உண்டு. த்ரெட்ஃபின் சின்னது, விரல் நீளம் இருந்தாலே அதிகம். கிஸர்ட் ஷாட் ஓர் அடிவரை வளரும். நீரின் வெப்பம் 45 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 7 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் த்ரெட்ஃபின் துவளும், சுழலும், சாகும். சாகிற மீன் அடியில் இறங்கும்போது பெரிய ப்ளூ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தால் போதும், துரத்தவே வேண்டாம். அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை பெரிய மீனுக்கு இது பந்திக் காலம். மே, ஜூனில் முட்டையிடப் பொந்துகளுக்குள் போய்விடும். ஆண் மீன் முட்டைக்குக் காவல் இருக்கும், இரையை மதிக்காது. அப்போது பெரிய மீனைத் தேடி அலைவது வீண்.

ப்ளூவா சேனலா என்று குழம்பினால் வாலுக்கு முன்னால் வயிற்றடியில் ஓடும் நீளத் துடுப்பைப் பாருங்கள். ஓரம் சீப்பு மாதிரி நேராக இருந்தால் ப்ளூ. வளைந்திருந்தால் சேனல். உடல் நிறத்தை நம்பக் கூடாது, கலங்கல் நீரில் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

ஏரி பெரிது. எங்கே போடுவது என்பதற்கு முதல் பதில் பறவைகள். கடற்காகங்கள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீரைத் தொட்டு எழுந்தால் அடியில் ஷாட் இருக்கிறது. இரண்டாவது காற்று. இரண்டு நாள் ஒரே திசையில் அடித்த காற்று, துவண்ட ஷாட்டையெல்லாம் எதிர்க்கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கரை குளிரும், அலையடிக்கும், நிற்கவே பிடிக்காது. நிற்க வேண்டியது அங்கேதான். மூன்றாவது ஆழம். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். குளிர்காலம் என்றால் மீன் ஆழத்தில் என்று 40 அடியிலேயே தவம் கிடப்பார்கள். காலையில் அது சரிதான், பழைய ஆற்றுத்தடத்தின் விளிம்பில் 20 முதல் 40 அடிவரை தேடலாம். ஆனால் வெயில் நன்றாக அடித்த நாளின் பிற்பகலில் சேற்றுத் திட்டுகளின் மேல் தண்ணீர் ஓரிரு டிகிரி சூடாகும், ஷாட் அங்கே ஏறும், பின்னாலேயே ப்ளூவும் ஏறும். 50 பவுண்டு மீன் ஐந்தடி நீரில் கிடக்கும். அங்கே மோட்டாரை ஓட்டிக்கொண்டு போனால் எல்லாம் கலைந்துவிடும். நூறு கஜம் முன்னாலேயே நிறுத்திவிட்டுக் காற்றோடு மிதந்து போக வேண்டும்.

இரைக்கு ஷாட்தான். கடையில் விற்கும் உறைந்த ஷாட்டை வாங்காதீர்கள். உறைந்து இளகிய சதை குழைந்துபோகும், முள்ளில் நிற்காது, ரத்தமும் எண்ணெயும் போன சக்கையாக இருக்கும். வீச்சு வலை ஒன்று வாங்குங்கள்: ஆறு அல்லது ஏழு அடி ஆரம், முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத கண். குளிர்காலத்தில் கிஸர்ட் ஷாட் ஆழத்துக்குப் போவதால் வலை வேகமாக இறங்க வேண்டும், ஈயம் கனமாக உள்ள வலையே உதவும். பிடித்த ஷாட்டைத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தால் செத்து ஊறி வெளுத்துவிடும். உடனே ஜிப் பைக்குள் போட்டு, பையை ஐஸின் மேல் வையுங்கள். ஐஸ் தண்ணீர் மீனைத் தொடக் கூடாது.

வெட்டுவதிலும் கணக்கு உண்டு. எட்டு அங்குல ஷாட் ஒன்றைப் பலகையில் கிடத்துங்கள். பக்கத் துடுப்புக்கு ஓர் அங்குலம் பின்னால், சாய்வாக, ஒரே வெட்டு. தலையோடு ஈரலும் குடலும் கொஞ்சம் தொங்கிக்கொண்டு வரவேண்டும். ரத்தம் கசிவது அங்கிருந்துதான், பெரிய மீன் தேடி வருவதும் அந்தத் துண்டைத்தான். வாலை வெட்டி எறிந்துவிடுங்கள், நீரில் இழுபடும்போது அது துடுப்பாகி இரையைச் சுழற்றும். நடுத்துண்டை இரண்டாக்கினால் இன்னும் இரண்டு தூண்டிலுக்கு ஆகும். தலையில் முள்ளை ஏற்றும்போது கீழுதட்டிலிருந்து மேலே மூக்கு வழியாக எடுங்கள். முள்ளின் கூர்முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுதும் காலியாகத் தெரிய வேண்டும். அந்த இடைவெளியில் சதை அடைத்துக்கொண்டால் வட்ட முள் (முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹுக்) திரும்பாது, மீன் இரையைக் கவ்வி, இழுத்து, துப்பிவிட்டுப் போகும். நடுத்துண்டில் ஒரு செதில் முனையில் குத்தி நின்றாலும் இதே கதி. முள்ளை ஏற்றியதும் விரலால் முனையைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரையை இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெளுத்த துண்டுக்கு மணம் இல்லை.

கட்டுமானத்துக்கு வருவோம். ஏழரை அடி ராடு, அடிப்பாகம் உறுதி, நுனி இளக்கம். நுனி விறைப்பாக இருந்தால் மீன் உடனே எடையை உணர்ந்து விட்டுவிடும். ரீல் 6500 அல்லது 7000 அளவு. நரம்புக்கு 30 அல்லது 40 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான், போதும். பின்னல் நூல் மெல்லியது, வலியது, ஆனால் டெக்சோமாவில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2009-ல் இந்த ஏரியில் ஸீப்ரா மசல் என்ற சின்னச் சிப்பி பரவியது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பாறை, மூழ்கிய மரம் எல்லாவற்றிலும் கத்திமுனை ஓட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. பின்னல் நூல் அதில் ஒருமுறை உரசினால் போதும், அறுந்துவிடும். தடித்த மோனோ கொஞ்சம் தாங்கும். நாலைந்து தடவை வீசியபின் கடைசி ஆறடியை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

மிதந்து போய்ப் பிடிப்பதற்கு இங்கே எல்லாரும் போடுவது சான்டி கூப்பர் ரிக் என்ற தூண்டில் கட்டு. தென் கரோலினாவின் சான்டி கூப்பர் ஏரிகளின் பெயரால் வந்தது. மெயின் நரம்பில் சறுக்கும் ஈயம், இரண்டிலிருந்து மூன்று அவுன்ஸ். அதன் கீழ் ஒரு பாசிமணி, அது முடிச்சை ஈயம் நசுக்காமல் காக்கும். அதன் கீழ் சுழல் வளையம். அதிலிருந்து 60 பவுண்டு மோனோவில் இரண்டடி தலைநரம்பு. முள்ளுக்கு நாலு அங்குலம் முன்னால் இரண்டு அங்குலத் தக்கை ஒன்றைக் குச்சி சொருகி நிறுத்துங்கள். தக்கை இரையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடிக்கும். இரை சேற்றில் புதையாது, சுள்ளியில் சிக்காது, மேலே பார்க்கும் மீனின் கண்ணுக்கும் படும். முள் 8/0 வட்ட முள், இரை பெரிதானால் 10/0. முள்ளின் தண்டைச் சுற்றிக் கட்டும் ஸ்னெல் முடிச்சுப் போடும்போது நரம்பு, கூர்முனை இருக்கும் பக்கத்திலிருந்து முள்ளின் கண்ணுக்குள் நுழைய வேண்டும். அப்படிப் போட்டால் இழுக்கும்போது முனை வெளிப்பக்கம் திரும்பி வாயோரத்தில் ஏறும். மாற்றிப் போட்டால் முனை உள்ளே மடங்கும்.

படகின் வேகம் மணிக்கு அரை மைல். ஒரு மைலைத் தொட்டால் இரை ராட்டினமாகச் சுற்றும், தலைநரம்பு முறுக்கிக்கொள்ளும். காற்று கடுமையாக இருந்தால் முன்னும் பின்னும் ஒவ்வொரு இழுவைப் பையை நீரில் போட்டுக் கட்டுப்படுத்துங்கள். ஓரிடத்தில் இரண்டு கடி கிடைத்தால் ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்து, காற்று வரும் பக்கம் போய் நங்கூரமிட்டுப் பார்க்கலாம். அப்போது நங்கூரம் இரண்டு வேண்டும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஒன்றே ஒன்று என்றால் படகு ஊஞ்சலாடும், ஈயம் நகர்ந்துகொண்டே இருக்கும், கடியா ஆட்டமா என்று தெரியாது. நங்கூரத்தில் தக்கையை எடுத்துவிட்டுத் தலைநரம்பை ஓரடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்தில் ஒன்றும் தொடவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இப்போது கடி. ராடு படகில் மாட்டிய பிடியில் இருக்கிறது. நுனி இரண்டு தடவை தட்டும், நிற்கும். அது சின்ன மீனாகவும் இருக்கலாம், பெரியது வாயில் வைத்துப் பார்ப்பதாகவும் இருக்கலாம். கை தூண்டிலுக்குப் போகும், போகக் கூடாது. நம்மூரில் தக்கை அமிழ்ந்ததும் சட்டென்று சுண்டி எடுத்துப் பழகியவர்களுக்கு இது மிகக் கஷ்டம். வட்ட முள்ளைச் சுண்டினால் முள் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மீன் இரையோடு திரும்பி நடக்கும்போது, நுனி நீரைத் தொடுகிற அளவு ராடு வளைந்து அங்கேயே நின்றால் முள் தானாக ஏறிவிட்டது என்று அர்த்தம். அதுவரை காத்திருந்து, ராடைப் பிடியிலிருந்து உருவிக்கொண்டே ரீலைச் சுற்றத் தொடங்குங்கள். பிடி இரும்பாகவும் போல்ட் போட்டதாகவும் இருக்கட்டும், பிளாஸ்டிக் பிடி ராடோடு ஏரிக்குள் போய்விடும். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் பலத்தில் கால் பங்கு, அதாவது எட்டு முதல் பத்து பவுண்டில் வையுங்கள். படகருகே வந்ததும் பெரிய ப்ளூ இன்னொரு ஓட்டம் ஓடும். அந்த நேரத்தில் டிராக்கை இறுக்குபவர்கள்தான் மீனைப் பறிகொடுக்கிறார்கள்.

மீனை அள்ளும் வலை ரப்பர் பூசியதாக, வாய் மூன்றடி அகலம் இருக்கட்டும். தலை முதலில் உள்ளே போக வேண்டும். பக்கத் துடுப்பு முள்ளும் முதுகு முள்ளும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும், கவனம். எடை பார்க்க மீனைச் செவுளில் கொக்கி மாட்டித் தொங்கவிடாதீர்கள். அந்த எடையில் தாடை மூட்டும் உள்ளுறுப்பும் கிழியும். ஈரத் துணித் தொட்டிலில் கிடத்தித் தூக்குங்கள். தராசு இல்லையென்றால் அளவுநாடா போதும்: நீளத்தை அங்குலத்தில் எடுத்து, வயிற்றுச் சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கி 800-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை கிடைக்கும். 45 அங்குல நீளம், 30 அங்குலச் சுற்றளவு என்றால் ஏறக்குறைய 50 பவுண்டு.

முப்பது அங்குல ப்ளூவைச் சமைக்க ஆசை வருவது எனக்குப் புரிகிறது. வேண்டாம். அந்த அளவுக்கு வளர அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். சதையில் சிவப்புப் பட்டையும் மஞ்சள் கொழுப்பும் ஏறியிருக்கும், எத்தனை மஞ்சளும் புளியும் போட்டாலும் சேற்று வாடை போகாது. மூன்றிலிருந்து ஏழு பவுண்டு மீன்தான் குழம்புக்கு ருசி. பெரிய ப்ளூவை எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே கறாரான வரம்பும் உண்டு. அந்த ஆண்டு விதியைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். டெக்சோமாவுக்கென்றே தனி லைசன்ஸ் இருக்கிறது, அது இருந்தால் இரு மாநில நீரிலும் போடலாம். இல்லாவிட்டால் படகு எந்த மாநில நீரில் நிற்கிறதோ அந்த மாநில லைசன்ஸ் வேண்டும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும், அந்தச் சிப்பி அடுத்த ஏரிக்குப் போகாமலிருக்க.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜனவரியில் இந்த நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைவிரல் மடங்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. வடக்குக் காற்று கிளம்பினால் அகன்ற பகுதியில் அலை மளமளவென்று உயரும். உயிர்காப்பு மேலாடையைப் படகில் வைத்திருக்காமல் உடம்பில் போட்டிருங்கள்.

மீனை விடும்போது தூக்கி எறியாதீர்கள். வாலடியை ஒரு கையால் பிடித்து, மறுகையை வயிற்றுக்கடியில் கொடுத்து, தலை அலையை நோக்கி இருக்கும்படி நீருக்குள் தாங்குங்கள். ஆழத்திலிருந்து வந்த மீன் வாய் வழியாகக் காற்றைக் குமிழ் குமிழாக விடும். ப்ளூவின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு குழாய்த் தொடர்பு உண்டு, ஊசியால் குத்தத் தேவையில்லை. செவுள் மூடி சீராகத் திறந்து மூட ஆரம்பித்து, வால் உங்கள் பிடியை ஒருமுறை பலமாக உதைத்ததும் கையை எடுத்துவிடுங்கள்.