மூவொரு கடவுள் கேள்விக்கு எப்படிப் படித்தேன்

புதுச்சேரியில் மறைக்கல்வி சொல்லித்தருபவர்களுக்கான இறையியல் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது மூவொரு கடவுள் பற்றிய கேள்விதான்: தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பது எப்படி? பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். திருத்தியவர் ஓரத்தில் 'சபெல்லியுஸ்' என்று மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

யார் இவர் என்று தேடிப் படித்தேன். ஒரே கடவுள்தான் ஒரு சமயம் தந்தையாகவும் ஒரு சமயம் மகனாகவும் தோன்றுகிறார் என்ற பழைய தப்புக் கொள்கை அவர் பெயரில் வழங்குகிறது. என் தண்ணீர் உவமை அதையேதான் சொல்கிறது! ஆனால் மத்தேயு 3-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மகன் யோர்தானில் திருமுழுக்குப் பெற்றுக் கரையேறுகிறார், ஆவியார் புறாவைப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானிலிருந்து வருகிறது. மூவரும் ஒரே நேரத்தில். வில்வ இலையும் உதவாது. அதில் ஒன்றைக் கிள்ளினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மகனோ கடவுளில் ஒரு பங்கு அல்லர், முழுக் கடவுள்.

அதனால் உவமையை விட்டுவிட்டு, சண்டையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். மகன் இல்லாத ஒரு காலம் இருந்தது, அவரும் படைக்கப்பட்டவரே என்றார் அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ். படைக்கப்பட்டவர் நம்மை மீட்க முடியுமா என்பதுதான் ஆரியுஸை எதிர்த்த அத்தனாசியாரின் கேள்வி. 325-இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கம் தந்த விடையைத்தான் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று திருப்பலியின் நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். அந்த அறிக்கையில் தூய ஆவியாரைப் பற்றிய பகுதி 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் விரிந்தது. ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, எந்தக் கேள்விக்கு எந்தச் சொல் பதில் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விஷயம் திறந்தது ஜென்மராக்கினி மாதா கோவிலில். முன் பெஞ்சில் ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்து நெற்றி, மார்பு, தோள் என்று வைத்து, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்று சொல்லிக்கொடுத்தார். மூவரைச் சொல்லிவிட்டு 'பெயராலே' என்று ஒருமை! மத்தேயு 28:19-இன் கிரேக்க மூலத்திலும் பெயர் ஒருமைதான்.

இரண்டாம் முறை விடையை அந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்கினேன், தேறினேன். வகுப்பில் இப்போது தண்ணீர்க் கதை கிடையாது. யோர்தான் படத்தைக் காட்டி, "இங்கே யார் யார் இருக்காங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கிறேன்.