காது வலி என்று போய் தாடையில் வந்து நின்ற கதை

இடது காதுக்குச் சற்று முன்னால் ஒரு குத்து. காலையில் எழும்பினால் கன்னம் இறுகிக் கிடக்கும், கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம். யாழ்ப்பாணத்தில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரிடம் காட்டினேன். காது சுத்தமாக இருக்கிறது, பல் டொக்டரைப் பாருங்கோ என்றார்.

பல் டொக்டர் உடனே பல்லைப் பார்க்கவில்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். அப்புறம் கன்னத்துத் தசையை அழுத்தினார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று விரலை நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுதான் போனது.

"நித்திரையில பல்லு நெருமுறனீங்களோ?"

நான் யோசிக்க முதல், கூட வந்த இவர் "ஓம் டொக்டர், ஒவ்வொரு இரவும் கேக்கும்" என்றார். சின்ன வயதில் அம்மா இதை வயிற்றுப் பூச்சி என்று சொல்லி மருந்து தந்தது நினைவுக்கு வந்தது. பூச்சியை மறந்துவிடச் சொன்னார் டொக்டர்.

தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாற்போல இருப்பதால்தான் வலி காதில் தெரிகிறதாம். மூட்டுக்குள் சின்னக் குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது, அது இடம் விலகி ஏறும்போது வருவதுதான் அந்த 'டக்'. இரவு முழுக்க நெருமினால் மெல்லும் தசைகள் களைத்து நோகும், மூட்டுக்கும் சுமை. ஆனால் நெருமுகிற எல்லோருக்கும் மூட்டு வலி வருவதில்லை. மன அழுத்தம், நித்திரைக் குறைவு, சில மனச்சோர்வு மருந்துகள் என்று பலதும் சேர்ந்துதான் ஆளை விழுத்தும் என்றார்.

பிறகு கேட்டார், பகலில் எப்படி? நான் ரீச்சர். விடைத்தாள் திருத்தும்போது பல்லோடு பல் இறுகியே இருக்கும். சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம்: உதடு மூடி, பல் விலகி, நாக்கு அண்ணத்தில். தாள்கட்டின் மேல் 'பல்' என்று எழுதி ஒட்டிவைத்தேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்பேன்.

அச்சு எடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் ஒரு நைட் கார்ட், அதாவது நித்திரையில் பல்லின் மேல் மாட்டும் உறை, செய்து தந்தார்கள். போட்டுப் பார்க்கும்போது நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, நிறம் கூடப் பட்ட இடத்தை மெல்லத் தேய்த்துவிட்டார். திரும்பக் கடி, திரும்பத் தேய். இந்த வேலையை அவசரப்படுத்தாதீர்கள். ஓரிடம் மட்டும் உயர்ந்து நின்றால் தாடை இன்னும் நோகும். முதல் சில இரவுகள் வாயெல்லாம் எச்சில், பிறகு பழகிவிட்டது. நெருமுவதை அது நிறுத்தாது, தேய்வது பல்லாக இல்லாமல் கார்டாக இருக்கும், அவ்வளவுதான்.

புழுக்கொடியலும் கச்சானும் முறுக்கும் கொஞ்சக் காலம் கிட்டவும் வரவில்லை. இடியப்பமும் சொதியும், இரவில் கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம்.

வலி படிப்படியாகக் குறைந்தது, இப்போது மூன்று விரலும் போகிறது. 'டக்' இன்னும் இருக்கிறது. நோகாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லையாம், வாய் திறக்க முடியாமல் பூட்டினாற்போல நின்றால் மட்டும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.