பைண்டிங் மேசையில் முஸ்ஹஃப்

இலங்கை மலைநாட்டில் புத்தகத்துக்குப் பெரிய எதிரி பூச்சி இல்லை, ஈரம்தான். மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் கம்பளையில் சுவர்கூட வியர்க்கும். அலமாரியில் அடுக்கிய புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கும், பசை விட்டுப்போகும், முதுகு கழன்று வரும். எங்கள் பைண்டிங் கடைக்கு வேலை வருவது அப்படித்தான். பாடசாலை நூலகப் புத்தகம், கடைக்காரர்களின் பேரேடு, பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, அப்புறம் குர்ஆன். வாப்பா ஓதிய முஸ்ஹஃப் (முழுக் குர்ஆன் பிரதி), மத்ரஸாப் பிள்ளைகள் கையில் கிழிந்த ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று), ஓரமெல்லாம் பழுத்துப்போன, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு என்று ஏதாவது ஒன்று எப்போதும் மேசையில் கிடக்கும்.

முஸ்ஹஃபைக் கட்ட வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். பழைய நூலை அறுத்து, முதுகில் காய்ந்த பசையைச் சுரண்டி, ஊசியால் துளைத்துத் தைத்து, கடைசியில் கட்டரில் வைத்து ஓரம் வெட்ட வேண்டும். மற்றவர்கள் முத்தமிட்டு உயரத்தில் வைப்பதை நான் கத்தியோடு நெருங்குகிறேன். அதனால் கண்ணியம் என்பது எனக்குக் கையின் விஷயம்.

வுழூ, அதாவது தொழுகைக்குச் செய்வதுபோல் கைகால் முகம் கழுவிக்கொள்ளும் சுத்தம், இல்லாமல் தொடுவதில்லை. ‘தூய்மையானவர்களைத் தவிர வேறெவரும் இதைத் தொடமாட்டார்கள்’ என்ற 56:79 வசனம் வானவர்களைப் பற்றியது என்று சொல்லும் விரிவுரையாளர்கள் உண்டு. ஆனாலும் முஸ்ஹஃபைத் தொட வுழூ வேண்டும் என்பதில் நான்கு மத்ஹபும் (சட்டப் பிரிவுகளும்) ஒன்று. நாங்கள் ஷாஃபிஈக்கள். ஊசி குத்தி விரலில் இரத்தம் வந்தால் எங்கள் மத்ஹபில் வுழூ முறியாது. ஆனால் இரத்தம் அசுத்தம். ஒரு சொட்டும் தாளில் படக்கூடாது. எழுந்துபோய் விரலைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப உட்காருவேன். பசையும் மைதாவைக் காய்ச்சி, கொஞ்சம் மயில்துத்தம் போட்டு நானே செய்வது. வச்சிரம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது எந்தப் பிராணியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வந்தது என்று யாருக்குத் தெரியும்? முஸ்ஹஃபுக்கு அது வேண்டாம்.

14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹாஜ் என்ற அறிஞர் என் தொழில்காரர்களுக்கென்றே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித்தான் அட்டை செய்தார்கள். அப்படி ஒட்டும் தாளில் குர்ஆன் வசனமோ, ஹதீஸ் எனும் நபிமொழியோ, நபிமார், வானவர்களின் பெயரோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அவர். அட்டைக்குள் ஒட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத இடத்துக்கும் அவர் கவலைப்பட்டிருக்கிறார். நான் என் உஸ்தாதாக, ஆசானாக, மனதில் வைத்திருப்பது அவரைத்தான்.

கடையில் வேலை பழகும் பையன் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். கெட்டிக்காரப் பிள்ளை. நான் கழுவித் துடைத்து உட்காருவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்: “நானா, சரஸ்வதி பூசைக்கு நாங்க புஸ்தகத்த வச்சுக் கும்பிடுவோம். நீங்களும் இதக் கும்பிடுவீங்கதானே?”

இல்லை என்றேன். இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது என்று பட்டதால் இரண்டாம் கலீஃபா உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பேச்சைச் சொன்னேன். கஅபாவின் கறுப்புக் கல்லை முத்தமிட வந்தவர் அதைப் பார்த்தே சொன்னார்: நீ ஒரு கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபியவர்கள் உன்னை முத்தமிட்டதை நான் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன். புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவான செய்தி இது. சொல்லிவிட்டு அவர் முத்தமிட்டார். கல்லிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முஸ்ஹஃபும் அப்படித்தான். தாளும் மையும் படைக்கப்பட்டவை. சொல் இறைவனுடையது. நபியவர்களின் எழுத்தர் ஸைத் இப்னு ஸாபித் குர்ஆனை ஒன்று திரட்டியபோது அது பேரீச்ச மட்டையிலும் தட்டையான கல்லிலும் மனிதர்களின் நெஞ்சிலும் இருந்தது. மட்டைக்கும் கல்லுக்கும் தனிப்பெருமை ஏதும் இல்லை.

பையனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எனக்கே அது முழுதாகப் புரிந்தது மகாவலி ஆறு பெருகி ஊருக்குள் வந்தபோதுதான்.

தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் சேற்றோடு பைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். முடிந்த அளவு பிரித்து, தாளுக்குத் தாள் எழுத்தில்லாத வெள்ளைத் தாள் செருகி, காற்றாடிக்கு முன்னால் விரித்தோம். பத்திரிகைத் தாள் மலிவுதான். ஆனால் அதன் மை ஏறும், அதில் என்னென்ன படங்கள் இருக்குமோ. ஓதிக் கிழிந்த பழைய சொரசொரப்புத் தாள் முஸ்ஹஃபுகள் பிழைத்தன. வழவழப்பான தாளில் அச்சானவை ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

ஒரு தாத்தா தன் உம்மாவின் முஸ்ஹஃபைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு பக்கமும் பிரியவில்லை. கட்ட முடியாது என்று நான் சொல்ல, எரித்துச் சாம்பலை ஓடும் தண்ணீரில் விடலாம் என்றார் பள்ளிவாசல் மௌலவி. தாத்தா அழுதுவிட்டார். “அல்லாஹ்ட கலாம நெருப்புலயா போடச் சொல்றீங்க?”

மௌலவி கோபப்படவில்லை. கி.பி. 650 அளவில் கலீஃபா உஸ்மான் ரழியல்லாஹு அன்ஹு சீர்படுத்திய பிரதிகளை ஊர் ஊராக அனுப்பியபோது மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னதை எடுத்துச் சொன்னார். ஓதுவதில் பிளவு வராமல் இருக்கத்தான் அவர் அப்படிச் செய்தார், எழுத்து காலடியில் மிதிபடாமல் காப்பதும் அந்த நெருப்பில் இருக்கிறது என்றார். ஹனஃபி மத்ஹபினர் சுத்தத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள், உங்களுக்கு மனம் அப்படிச் சொன்னால் அதையும் செய்யலாம் என்றார். அவமதிக்க எரிப்பவன் கையிலும் நெருப்புத்தான் இருக்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற ஹதீஸைச் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது அன்று மேசைமேலேயே கிடந்தது.

தாத்தா எரிக்கச் சம்மதித்தார். முன் அட்டையை ஒட்டியிருந்த வெற்றுத் தாளில் அவருடைய உம்மா பிள்ளைகள் பிறந்த நாட்களை நீல மையில் எழுதி வைத்திருந்தார். அதில் வசனம் எதுவும் இல்லை. ஆவி காட்டி, மெல்லிய கத்தியால் அந்த ஒரு தாளை மட்டும் உரித்து அவர் கையில் கொடுத்தேன். மைக்கோடு கலங்கியிருந்தாலும் பெயர்களை வாசிக்க முடிந்தது.

இந்த வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பட்டுத்துணியில் சுற்றிக் கண்ணாடி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்த முஸ்ஹஃப்தான் பூஞ்சணத்தோடு வருகிறது. முதுகு பளபளப்பாக இருக்கும், உள்ளே பக்கமெல்லாம் புள்ளி. நாளும் ஓதும் முஸ்ஹஃப் முதுகு ஒடிந்து, நூல் தொங்கி வரும். ஆனால் காற்றுப்பட்டுப் பட்டு அதன் தாள் சுத்தமாக இருக்கும். ‘அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாதான் (இறையச்சம்தான்) அவனை அடைகிறது’ என்று குர்பானியைப் பற்றி 22:37 சொல்கிறது. பூட்டி வைத்த முஸ்ஹஃபைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த வசனம் எனக்கு நினைவு வரும். உயரத்தில் வைப்பது நல்லதுதான், நானும் வைக்கிறேன். ஆனால் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதை என்னால் கண்ணியம் என்று ஏற்க முடியவில்லை. பைண்ட் செய்து கொடுக்கும்போது, பூட்டி வைக்காதீங்க, இந்தக் குளிருக்குத் தினமும் திறந்து ஓதுங்க என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

வெட்டி விழும் ஓரத் துண்டுகளில் எழுத்திருந்தால் அதற்கென்று தனிப் பை உண்டு. அரபுத்தமிழ்க் கிதாபின் துண்டுகளும் அதில்தான் போகும். பை நிறைந்ததும் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவது இப்போது அந்தப் பையன். நான் சொல்லாமலே பையின் வாயைக் கட்டி, இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு போகிறான்.

இந்த வாரம் மேசையில் இருப்பது மத்ரஸாவின் 30 ஜுஸ்உகள். பக்க மூலையெல்லாம் பிள்ளைகளின் விரல்பட்டுக் கறுத்திருக்கிறது. வெட்டிச் சுத்தமாக்கவா என்று அங்கே ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்திடம் கேட்டேன். “எழுத்துல படாம வெட்டுங்க நானா” என்றார். “புதுசா சேர்ந்த புள்ளைகளும் கறுப்பாக்கணுமே.”