அவர் முகம், என் குரல்

சாலிகிராமத்தில் உள்ள ஒரு டப்பிங் கூடத்தில், நெடுந்தொடர் ஒன்றின் கதாநாயகிக்கு நான்கு ஆண்டுகள் நான் குரல் கொடுத்தேன். அரைமணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போக எஞ்சும் சுமார் 22 நிமிடக் காட்சிகளுக்கு, படப்பிடிப்பில் நடிகை பேசியபோதே பதிவான அவரது சொந்தக் குரலை, நாங்கள் ‘பைலட்’ என்பதை, காதில் கேட்டபடியே, திரையில் அசையும் உதடுகளுக்கு என் சொற்களைப் பொருத்துவதுதான் வேலை. வசனத்தைவிட மூச்சுதான் கடினம். விம்முவதற்கு முன் அந்த நடிகை உள்ளிழுக்கும் ஒரு சிறு மூச்சு எந்த வசனத்தாளிலும் இருக்காது. பைலட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அதை நான் கற்றுக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த அவருக்குத் தாய்மொழி கன்னடம். தமிழில் தடுமாறினாலும், சற்றுக் கரகரத்த அந்தத் தாழ்ந்த குரலில் நான் எட்ட முடியாத ஒரு துயரம் இருந்தது. அது ஒளிபரப்பில் ஒருநாளும் கேட்காது என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. திரைப்படத்தில் இந்த வேலை சில நாட்களில் முடிந்துவிடும். ‘96’ படத்தில் திரிஷாவின் முகமும் சின்மயியின் குரலும் சேர்ந்து ஜானு ஆனதைப் போல, ஒரு பாத்திரத்தோடு நின்றுவிடும். நெடுந்தொடரிலோ ஆண்டுக்கணக்கில், வாரம் ஐந்தாறு நாட்கள், தன் முகத்திலிருந்து இன்னொருத்தியின் குரல் வருவதை நடிகை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் பைலட் மாறத் தொடங்கியது. குரல் மெல்ல உயர்ந்தது. வாக்கிய முடிவில் நான் விடும் இடைவெளியை அவரும் விட்டார். வெளியிடங்களில் பேசினால், “இது உங்க குரல் இல்லையே” என்று பலரும் கேட்பதாகச் சொன்னார். ஒருநாள் மாலை கூடத்துக்கே வந்து, “அக்கா, என் பழைய பைலட் ஒண்ணைப் போடச் சொல்லுங்களேன்” என்றார். ஒலிப்பதிவாளர் தேடிப் பார்த்தார். இடம் போதாமல் பழையவற்றை எல்லாம் அழித்துவிட்டிருந்தார்கள், அந்த வாரத்துப் பதிவுகள் மட்டுமே இருந்தன. அதைக் கண்மூடிக் கேட்ட அவர், “இதுவும் நீங்கதான் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். தடுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை.

சில மாதங்களில் அவர் தொடரிலிருந்து விலகினார். ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அறிவிப்பு சில நொடிகள் வந்து மறைந்தது. குரல் மாறாவிட்டால் பார்வையாளர்கள் புது முகத்துக்குச் சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்று என்னை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புதிய நடிகையின் முதல் அழுகைக் காட்சியில் ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தினார். “மேடம், அந்த மூச்சு வேண்டாம், இவங்க வாயே திறக்கலை” என்றார். அந்த வாரம் முழுவதும் அந்த ஒரு மூச்சுக்காகவே மீண்டும் மீண்டும் பதிவை நிறுத்த வேண்டியிருந்தது.