எந்த ஊர் என்று கேட்டால்

அக்டோபர் 19, 2024, சனி

தேயிலைத் தோட்டத்தை மூடியதால் மலையிறங்கி கல்லிடைக்குறிச்சிக்கு வந்து பதினொரு நாள். பாதி மூட்டை இன்னும் பிரிக்கவில்லை. கொழுந்துக் கூடையை மட்டும் அம்மா முதல் நாளே எடுத்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

வீட்டுக்கார ஆச்சி மறுபடியும் கேட்டார்கள். "உங்களுக்கு எந்த ஊரு தாயி?" நாலுமுக்கு என்றேன். புரியவில்லை. மாஞ்சோலை என்றேன். "அது வேலை பாத்த எடம்லா, சொந்த ஊரு எதுங்கேன்." சிரித்து வைத்தேன். அப்புறம் அடுத்த கேள்வி, "உங்க சாஸ்தா யாரு?"

கெட்ட மனசோடு கேட்கவில்லை, அது தெரியும். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலில் போய்ப் பொங்கல் வைக்கிறோம் என்பதை வைத்துத்தான் இந்தப் பக்கத்தில் ஒரு ஆளை இன்னார் என்று கண்டுகொள்வார்கள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் இருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியின் பின்னால் மலையேறியவர். எங்கள் சாஸ்தா யார் என்று அவருக்குத்தான் தெரியும். யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அவரும் சொல்லாமலே போய்விட்டார். அம்மா பிறந்தது தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டில், நான் பிறந்ததும் லைன் வீட்டில். மாஞ்சோலை என்பதுகூட வெளியாட்களுக்குச் சொல்கிற பேர்தான். எங்களுக்குள் காக்காச்சிக்காரர்கள் வேறு, ஊத்துக்காரர்கள் வேறு, குதிரைவெட்டிக்காரர்கள் வேறு. நாங்கள் நாலுமுக்கு.

ராத்திரி அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஐந்நூறு படமாவது இருக்கும். லேப்டாப்பை அரிசி டின் மேல் வைத்து ஏதோ ஒன்றைப் போட்டேன். அம்மா பாதியில் தூங்கிவிட்டாள். இனிமேல் தினமும் போடலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 25, வெள்ளி

அம்மா ஐந்தரைக்கெல்லாம் எழுந்து தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். முப்பத்தாறு வருடப் பழக்கம்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

எதிரில் இரண்டு மாடி வீடு, பக்கத்தில் இன்னொன்று. ராக்கெட் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது, வானம் தெரியவில்லை. திண்ணையில் நானும் அம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் அந்த ஜப்பான் படம் ஞாபகம் வந்தது, ஹிரோகாசு கொரீடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’. 2018-ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். அதில் டோக்கியோவின் பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய வீடு. அதில் இருப்பவர்கள் எல்லோரும் கூரை ஓரத்துக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத வாணவேடிக்கையைச் சத்தத்தை வைத்தே பார்ப்பார்கள். கேமரா மேலே இருந்து பார்க்கும். அந்த முகங்களில் ஒரு குறையும் இருக்காது.

அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் ரத்த உறவு கிடையாது. குளிரில் ஒரு வீட்டு மாடத்தில் தனியாகக் கிடந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டி வந்து சோறு போடுகிறார்கள், பிறகு அதைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. முடி வெட்டிவிட்டுப் புதுப் பேர் வைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது பிள்ளை கடத்தல். ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பில் இருந்த காயத்தைப் பார்த்து, அதேபோலத் தன் கையில் இருக்கும் தழும்பைக் காட்டுகிற பெண்ணை எந்தச் சட்டத்தில் வைப்பது? ராத்திரியே படத்தைப் போட்டேன். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா பார்த்தாள். கடற்கரையில் அந்தக் கிழவி தனியாக உட்கார்ந்து, அலையில் குதிக்கிறவர்களைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து நன்றி சொல்கிற இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பிறகு, "லைன்ல நம்ம எல்லாருமே அப்டித்தானட்டி இருந்தோம்" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

மேலே இன்னும் இருக்கிற அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். மணி எங்கள் வீட்டு நடையிலேயே படுத்திருக்கிறதாம். சோறு வைத்தால் தின்றுவிட்டுத் திரும்ப அங்கேயே போய்ப் படுத்துக்கொள்கிறதாம். அம்மா அந்த மெசேஜை ஐந்து தடவை கேட்டாள். பின்னால் குரைப்பது மணிதானா என்று இரண்டு பேருக்கும் சண்டை.

நவம்பர் 5, செவ்வாய்

‘பரியேறும் பெருமாள்’ போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தக் கருப்பி நாய் தண்டவாளத்தில் கட்டப்படுகிற ஆரம்பத்தை அவளால் தாங்க முடியாது. எனக்குமே முடியாது இப்போது.

நவம்பர் 9, சனி, திருப்பூர்

தம்பி வீடு. ஒரே அறை, நாலு பேர், இப்போது ஆறு பேர். தம்பிக்கு இரண்டு ஷிஃப்ட். வா வா என்று கூப்பிட்டவனுக்கு எங்கள் முகத்தைப் பார்க்க நேரமில்லை. தம்பி பொண்டாட்டிதான் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவளும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியவள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க ஜப்பான் இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ நினைப்பு. 1953-ல் எடுத்தது. ஊரில் இருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிற வயசான அப்பா அம்மா, நேரமில்லாத பிள்ளைகள். அவர்களை அட்டாமி என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள், அங்கே சத்தத்தில் இரண்டு பேருக்கும் தூக்கமே வராது. போரில் மகன் இறந்து எட்டு வருடம் ஆகியும், மருமகள் நொரிகோதான் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள், தன் சின்ன அறையில் மாமியாரைப் படுக்க வைக்கிறாள். கடைசியில் மாமனார் இறந்துபோன தன் மனைவியின் கைக்கடிகாரத்தை அவளிடம்தான் கொடுக்கிறார். பிள்ளைகளைக் கெட்டவர்களாக ஓசு காட்டவே இல்லை, அதுதான் வலி. தம்பியும் கெட்டவன் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

திரும்பிவிட்டோம். "இங்கயே இருந்திருங்கம்மா" என்று தம்பி சொன்னான். அம்மா பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆதார்.

இதை எழுதினால்தான் தூங்க முடியும். கேஸ், ரேஷன், வங்கி எல்லாவற்றுக்கும் விலாசத்தை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் என் கையில் இருக்கும் ஆதாரில் நாலுமுக்கு எஸ்டேட் என்று அச்சடித்திருக்கிறது, அதுதான் மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் காட்டி மேலே போவதற்கு எனக்கு இருக்கும் ஒரே சீட்டு. அதை மாற்றிவிட்டால் அதே செக்போஸ்ட்டில் நான் சுற்றுலா வந்தவள் ஆகிவிடுவேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறந்த வீட்டைப் பார்க்க வனத்துறையிடம் அனுமதி கேட்டு, சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டும். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? வரிசையில் நின்று, "எங்கம்மா போறீங்க?" என்று ஒரு சின்னப் பையன் கேட்பான், அவள் என்ன சொல்லுவாள்? வீட்டுக்கு என்பாளா?

காகிதத்தில் அது எங்கள் வீடாக எப்போதுமே இருந்ததில்லை என்பது தெரியும். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் எடுத்த 99 வருடக் குத்தகை, 2028-ல் முடிகிறது. நாங்கள் அந்தக் குத்தகைக்குள் பிறந்தவர்கள். வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவுதான். தெரிந்துதான் பப்பாளி வைத்தோம், தெரிந்துதான் சுவரில் என் உயரத்தைக் கோடு போட்டு வைத்தோம்.

ராத்திரி ‘நோமாட்லாண்ட்’ பார்த்தேன், தனியாக. அது ஆரம்பிப்பதே ஒரு தேதியோடு: 2011 ஜனவரி 31, நெவாடாவில் எம்பயர் என்கிற ஊரில் ஜிப்சம் பலகை ஆலையை 88 வருடத்துக்குப் பிறகு மூடுகிறார்கள், ஜூலைக்குள் அந்த ஊரின் அஞ்சல் எண்ணையே ரத்து செய்துவிடுகிறார்கள். ஆலை போனதும் ஊரும் போகிறது. இரண்டு வருடம் முன்னால் முதல்தடவை பார்த்தபோது இந்த எழுத்தை நான் சரியாகக்கூடப் படிக்கவில்லை. ஃபெர்ன் என்கிற அந்தப் பெண், புருஷனும் இல்லாமல் ஊரும் இல்லாமல் ஒரு வேனில் கிளம்பிவிடுகிறாள். ஃபெர்னாக நடிக்கிற ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் தவிர வழியில் வருகிற பல பேர் நிஜமாகவே அப்படி வாழ்கிறவர்கள், தங்கள் பேரிலேயே வருகிறார்கள். தனக்கு வீடு இல்லையே தவிரத் தான் நாதியற்றவள் இல்லை என்கிற மாதிரி ஒரு பிள்ளையிடம் சொல்லுவாள். இங்கிலீஷில் அதற்கு ஹவுஸ், ஹோம் என்று இரண்டு சொல் இருக்கிறது, தமிழில் இரண்டுக்கும் வீடுதான். யோசித்துப் பார்த்தால் நமக்கு அந்த இன்னொரு சொல் ‘ஊர்’. அவளுக்கு ஊரும் போய் வீடும் போனது. எங்களுக்கு வீடு எங்கேயாவது கிடைத்துவிடும். அடுக்குமாடியில் ஒன்று தருவார்கள், வாடகைக்கு ஒன்று கிடைக்கும். ஊரை யார் தருவார்கள்?

கடைசியில் அவள் தன் காலி வீட்டுக்குப் போய், ஒவ்வொரு அறையாக நடந்து, பின் கதவு வழியாகப் பாலைவனத்தைப் பார்ப்பாள். ஒரு வசனமும் இல்லை. அங்கே நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

ஆதார் மாற்றவில்லை. கேஸ் இந்த மாதம் ஆச்சி பேரில்.

நவம்பர் 18, திங்கள்

டிவியில் மழை அளவு வாசிக்கும்போது அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்று வரிசையாகப் பேர் வரும். எங்கள் ஊர்ப் பேரைக் கேட்க இப்போது இது ஒன்றுதான் வழி. எத்தனை மில்லிமீட்டர் என்று ஆச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ‘மெய்யழகன்’. ஆச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், முறுக்கோடு. சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். இருபத்திரண்டு வருடம் கழித்து அரவிந்த்சாமி ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிற கார்த்தியின் பேர் என்ன என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். ராத்திரி முழுக்க அந்தக் கூச்சத்தோடுதான் சாப்பிடுகிறார், பேசுகிறார், கடைசியில் சொல்லாமல் ஓடிவிடுகிறார். யாரென்றே தெரியாத ஒருவன் நம்மைத் தன் ஆளாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று இந்தப் படம் காட்டிய மாதிரி வேறு எதுவும் எனக்குக் காட்டவில்லை. அவர்கள் விட்டுவிட்டு வந்த ஒரு பழைய சைக்கிள் அங்கே ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கும். போனவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நீளம் என்று சொல்லி ரிலீஸுக்குப் பிறகு பதினெட்டு நிமிஷம் வெட்டினார்களாம். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தாலும் சரிதான்.

ஆச்சி அழுதுவிட்டார்கள். அம்மா அழவில்லை. "அவங்களுக்கு அழுகதுக்கு ஒரு வீடாவது சொந்தமா இருந்துச்சுலா" என்றாள்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முறுக்குத் தட்டை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு, "எங்க சாஸ்தா கோயிலுக்கு வாங்களேன், பங்குனிக்கு" என்றார்கள்.

டிசம்பர் 4, புதன்

மாஞ்சோலை வழக்கின் தீர்ப்பைப் பற்றித்தான் எல்லா ஃபோனிலும் பேச்சு. அம்மா கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

‘நண்பகல் நேரத்து மயக்கம்’. நானே மூன்றாவது தடவை. வேளாங்கண்ணியிலிருந்து கேரளாவுக்குத் திரும்புகிற வேன், மத்தியானம், எல்லோரும் தூக்கம். மம்மூட்டி மட்டும் முழித்து, வண்டியை நிறுத்தி இறங்கி, முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் போய் அந்த வீட்டு ஆள் சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். சுந்தரம் காணாமல் போய் இரண்டு வருடம். ஊரே கலவரப்படுகிறது. கண் தெரியாத அம்மா மட்டும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவரை ஏற்றுக்கொள்கிறாள்.

இயக்குநர் லிஜோ ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்வதே இல்லை. ஆரம்பத்தில் லாட்ஜ் சுவரில் ஒரு குறள் இருக்கும், உறங்குவது போலும் சாக்காடு என்று. அவ்வளவுதான். நான் பார்ப்பது வேறு. அந்த மனிதர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கொல்லைக்குப் போகும் வழி, மாட்டுத் தீவனம், பால் ஊற்றும் வீடுகள், எல்லாம் காலுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு நாலுமுக்கில் அப்படித்தான். இருட்டில், மழையில், எந்தப் படி உடைந்திருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். இங்கே பகலிலேயே நிலைப்படியில் தடுக்கிக்கொள்கிறாள்.

"கண்ணு தெரிஞ்சவங்களுக்குத்தான் சந்தேகமெல்லாம்" என்றாள் அம்மா, படம் முடிந்ததும்.

டிசம்பர் 13, வெள்ளி, கார்த்திகை தீபம்

விளக்கு எங்கே ஏற்ற? நேற்றிலிருந்து விடாத மழை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டதாம். மேலே ஊத்தில், நாலுமுக்கில் பேய் மழை. டிவியில் பேர் வந்தபோது அம்மா இன்று ஆச்சியிடம் போகவில்லை. அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

எடுக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

சிக்னல் இல்லை என்கிறார்கள். ரோடு அரித்துவிட்டது என்கிறார்கள். படம் எதுவும் போடவில்லை. அம்மா ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள், ஈரம் ஏறும் என்று.

டிசம்பர் 17, செவ்வாய்

அண்ணன் பேசினார். ஆட்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எங்கள் லைனில் கடைசி வீட்டுக் கூரை போய்விட்டது. மணியைப் பற்றிக் கேட்டேன். மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்றார். அப்புறம் லைன் கட் ஆகிவிட்டது.

டிசம்பர் 19, வியாழன்

செக்போஸ்ட் வரைக்கும் நாளைக்குப் பஸ் போகுமாம், அதற்கு மேலே தெரியாது. ஆச்சி தன் பேரனின் குடையைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா இரண்டு பேரின் பழைய ஆதாரையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூடைக்குள் வைத்துவிட்டு, மணிக்குக் கருவாட்டுச் சோறு பொதிந்துகொண்டு இருக்கிறாள்.