“பாம்பு பிடிக்கத் தெரியுமா?”

இன்று காலை ஓர் அலுவலகத்தில், பழங்குடிச் சான்றிதழ் கேட்டு வந்த இருளர் அண்ணனிடம் கேட்ட கேள்வி இது. பாம்பு பிடிப்பது இருளர் பழங்குடிகளின் பழைய தொழில். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். தெரியாது என்று தலையாட்டினார்.

“அப்புறம் எப்படி இருளர்னு நம்புறது?”

பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகள். மதிப்பெண் பட்டியலைத் துணிக்கடைக் கவருக்குள் வைத்து, அதன் வாயை ஊக்கால் குத்தி, நெஞ்சோடு பிடித்திருந்தாள். இரண்டு மணி நேரமும் அதைக் கீழே வைக்கவே இல்லை.

நாலாவது தடவையாம். பழங்குடிகளுக்கு வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும், அதற்கு விசாரணை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும், அந்தத் தாள் இல்லையென்றால் 1 சதவீத இடஒதுக்கீடும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடிகளிடம் 54.

பஸ்ஸில் லூக்கா 18 மனதில் ஓடியது. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போன விதவை. சோர்ந்துபோகாமல் ஜெபிக்கச் சொல்லும் உவமை என்றே இதுவரை கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது நியாயம். அவளோடு யாரும் கூடப் போனதாக வசனத்தில் இல்லை.

கிறிஸ்துமஸுக்குச் சபையாக அவர்கள் குடியிருப்புக்குக் கேக்கும் போர்வையும் கொண்டுபோகிறோம். இந்த அலுவலக வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை, நானும்தான்.

திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கவுன்சலிங்குக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நான் போகிறேன். சபையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வாருங்கள்.