இங்கிட்டு ஒன்று, அங்கிட்டு நிறைய

யானைமலையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க ஆரம்பித்த புதிதில், நோட்டு திருத்தும்போது எனக்குக் கோபம் வந்ததெல்லாம் ஒரே இடத்தில்தான். 'திஸ் பென்சில்ஸ்', 'தட் கோட்ஸ்'. சிவப்பு மையில் சுழித்து, பத்துத் தடவை எழுதி வா என்பேன். எழுதி வருவார்கள், மறுநாள் மறுபடியும் 'திஸ் பென்சில்ஸ்'.

ஏன்டா இப்படி எழுதுற என்று ஒரு பையனிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "பென்சிலுக்குத்தான் எஸ் போட்டுட்டேனே டீச்சர், திஸ்ஸை எதுக்கு மாத்தணும்?" என்றான்.

அப்போதுதான் உறைத்தது, தமிழ்க் கணக்குப்படி அவன் சொன்னது சரி. இந்தப் பென்சில், இந்தப் பென்சில்கள். அந்த ஆடு, அந்த ஆடுகள். 'இது' என்பது 'இவை' ஆகும், ஆனால் பெயருக்கு முன்னால் வரும் 'இந்த' அசையவே அசையாது. ஆங்கிலத்திலும் ரெட் பென்சில், ரெட் பென்சில்ஸ் என்று ரெட் அப்படியேதான் நிற்கிறது; திஸ், தட் இரண்டும்தான் பன்மை வந்ததும் தீஸ், தோஸ் என்று மாறிவிடுகின்றன. இதைச் சொல்லித்தராமல் பத்துத் தடவை எழுதச் சொன்னது என் தப்பு.

அப்புறம், வீட்டில் பூக்கட்டும் ஒரு பிள்ளையிடம் ஒரு கைப்பிடி மல்லிகை கேட்டு வாங்கி, மேசையில் கொட்டினேன். ஒரு பூவைத் தொட்டால் திஸ் ஃப்ளவர், குவியலில் கை வைத்தால் தீஸ் ஃப்ளவர்ஸ். ஜன்னல் திட்டில் கொஞ்சம் வைத்துவிட்டு வந்து கை நீட்டினால் தோஸ் ஃப்ளவர்ஸ். இங்கிட்டு, அங்கிட்டு என்று நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளைகளுக்கு தூரத்தைச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை, ஒன்றா நிறையவா என்பதில் மட்டும் நின்று நிதானமாகப் போனோம். உச்சரிப்புக்குத்தான் ஒரு வாரம் ஆனது. தீஸ் என்பதன் கடைசி ஒலி வண்டு இரைவது போல வரவேண்டும், அதற்குத் தமிழில் எழுத்தில்லை. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொன்னேன். திஸ் முடியும்போது அதிர்வு இருக்காது, தீஸ் முடியும்போது விரலில் தெரியும். வகுப்பு முழுக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள்.

கடைசி நாள் ஜன்னல் வழியாக யானைமலையைக் காட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். தட் ஹில் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள், மலையடிவாரத்தில் வீடு இருக்கிற ஒரு பிள்ளை மட்டும் திஸ் ஹில் என்று எழுதியிருந்தாள். எட்டத்தானே இருக்கு என்றேன். "எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் டீச்சர் இருக்கு." ஆங்கிலத்திலும் இதை அடி அளந்து சொல்வதில்லை, பேசுகிறவர் எதைத் தன் பக்கமாக நினைக்கிறாரோ அதற்குத்தான் திஸ். அவளுக்கும் டிக் போட்டேன்.